பொலிஸ் மேசையில் ஒரு கணினிப் பட்டியல்

சென்ற மாதம் பழைய காரியாலயத்திலிருந்து நிரோஷா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கணினிப் பிரிவில் என் இடத்துக்கு வந்தவள். ஒரு கணினியில் ஏதோ ஒன்று மறைவாக ஓடிக்கொண்டு வன்வட்டை நிரப்புகிறதாம். ஓடுகிற ‘ட்ரேஸ்’ என்கிற தடம்பற்றும் பதிவுகள் எவை, அவற்றுக்குத் தகவல் கொடுக்கும் மென்பொருள்கள் எவை என்று கட்டளைத் திரையிலேயே பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

“எப்படி அங்கிள் ஒன்னும் பார்க்காமலே சொல்றீங்க?” என்றாள்.

“பழக்கம்தான்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அது முழு உண்மையல்ல. அந்தக் கட்டளையை நான் மறக்காமலிருப்பதற்குக் காரணம் பயம். இத்தனை வருடம் கழித்தும் அது போகவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில். பத்தாம் வகுப்போடு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறிய பிறகு காரியாலயங்களுக்குக் கணினி வந்தது. அதைத் தொடப் பெரிய கிளாக்கருக்கே பயம். வயர் வேலை தெரிந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். பதுளையில் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். பிறகு கம்பெனியின் பதுளைக் காரியாலயத்துக்கே என்னை எடுத்துக்கொண்டார்கள். மோட்டர் எரிந்தால் மணத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கணினி கெட்டால் மணம் எதுவும் வராது. அது பழக எனக்கு நாளெடுத்தது.

கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக வசந்தி மிஸ் வந்தது அதற்குப் பின். யாழ்ப்பாணத்துக்காரர், பட்டம் படித்தவர், என்னை விடப் பத்து வயதாவது இளையவர். வந்த முதல் நாளிலிருந்து என்னைப் ‘பழனியண்ணை’ என்றுதான் கூப்பிட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யுத்தம் மறுபடி மூண்ட காலம் அது. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தது என்று வானொலியில் சொன்னால் அன்றைக்கு வெயில் இருக்கும்போதே தான் தங்கியிருந்த போர்டிங் வீட்டுக்குப் போய்விடுவார். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை வாய் திறக்க மாட்டார். தமிழில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதுவும் யாழ்ப்பாணத் தமிழாக இருக்குமே என்ற யோசனை.

அவருடைய வேலை முறையை முதன்முதலில் கண்டது ஒரு சாதாரண நாளில். ஒரு தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கணினி அசையாமல் நின்றது. வழக்கம்போல நான் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினேன்.

“பழனியண்ணை, கையை எடுங்கோ” என்றார். “இப்ப நிப்பாட்டினா, என்ன நடந்தது எண்டு அதுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.”

“அப்ப என்ன மிஸ் செய்யறது?”

“கேளுங்கோ. அது சொல்லும்.”

கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை அடித்தார். கணினிக்குள் ஓடும் பல மென்பொருள்கள் தாங்கள் செய்வதை வெளியே அறிவிக்க ஒரு வழி வைத்திருக்கும். அப்படி அறிவிப்பதைப் ‘புரொவைடர்’ என்பார்கள். அறிவிப்பதைக் கேட்டு எழுதிக்கொண்டே இருக்கும் பதிவு வேலைக்கு ‘செஷன்’ என்று பெயர். லொக்மேன் என்ற கட்டளை இரண்டையும் காட்டும். முதலில் இந்த நேரத்தில் ஓடுகிற செஷன்களைக் கேட்பார், அச்செடுப்பார். அடுத்து புரொவைடர்களைக் கேட்பார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நெளிந்த அடைப்புக்குறிக்குள் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட அடையாள எண் வரும். அதையும் அச்செடுப்பார். நன்றாக ஓடும் இன்னொரு கணினியின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போவார். வேறுபாடு தெரிந்த பிறகுதான் எதையாவது நிறுத்துவார். ஒன்றை நிறுத்தினால் காத்திருந்து பார்ப்பார். அதற்குள் இன்னொன்றில் கை வைக்க யாரையும் விடமாட்டார். எனக்கு இது பிடித்திருந்தது. மின்சார வேலையிலும் பதறுகிறவன்தான் கையைச் சுட்டுக்கொள்வான்.

அப்படி இருக்கையில் மொனராகலைப் பக்கம் எங்கள் கம்பெனியின் ரப்பர் தொழிற்சாலையிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் வாளிகளோடு வந்து வரிசையில் நிற்பார்கள். தராசில் வைத்ததும் எடை நேரே கணினிக்குப் போய்ப் பதிவாகும். சில வாரங்களாகப் பால் நிறுக்கும் நேரத்திலேயே கணினி உறைந்து நின்றுவிடுகிறது. ரப்பர் பால் காத்திருக்காது, வெயில் ஏற ஏற உறையத் தொடங்கும். உறைந்த பாலைத் தரம் குறைத்து எடுப்பார்கள் என்பதால் வரிசையில் நிற்கும் பெண்கள் சத்தம் போடுவார்கள். கிளாக்கர் சுவிட்சை அணைத்துப் போடுவார். அடுத்த நாளும் அதே கதைதான்.

என்னை அனுப்பினார்கள். காலையில் போய் அவர்கள் அணைப்பதற்கு முன்பே கணினியைப் பிடித்துக்கொண்டேன். மிஸ் சொல்லித் தந்த அதே ஒழுங்கில் கேட்டேன். செஷன்களில் ஒன்று எனக்குப் புரியவில்லை. சுருக்கமாக இரண்டெழுத்துப் பெயர், அது எழுதும் கோப்பு வீங்கிக்கொண்டே இருந்தது. எந்தப் புரொவைடர் அதற்குத் தகவல் கொடுக்கிறது என்று தெரியவில்லை. தொழிற்சாலை முகாமையாளரின் அறைத் தொலைபேசியில் மிஸ்ஸைக் கூப்பிட்டேன்.

“இன்னும் நிப்பாட்டாதேங்கோ” என்றார். “தராசுக்காரர் வேணுமெண்டு போட்டதோ தெரியாது. அந்த எண்களைப் போனில வாசிச்சுச் சரிவராது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாங்கோ. இங்க எங்கட மெஷினோட ஒப்பிட்டுப் பாப்பம்.”

அங்கே இன்டர்நெட் கிடையாது. ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் அச்செடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நவ்ஷாட் முதலாளி. தெரிந்த முகம் என்பதால் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. அந்தப் பக்கத்துக் காடுகளில் அப்போது அசம்பாவிதங்கள் நடந்துகொண்டிருந்தன. தெருவில் பாலத்துக்குப் பாலம் காவல்.

ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். என் அட்டையைப் பார்த்த கான்ஸ்டபிள் பையைத் திறக்கச் சொன்னார். தாளை எடுத்து உதறினார். அது மடிப்பு மடிப்பாக விரிந்து அவர் காலடி வரை இறங்கியது. வாசித்தார். முகம் மாறியதைப் பார்த்தேன். தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்.

நவ்ஷாட் முதலாளி வரிசையை விட்டு வந்து, “இவர் எங்கள் ஊர் ஆள். கம்பெனியில் கம்பியூட்டர் வேலை செய்கிறவர்” என்று சிங்களத்தில் சொன்னார்.

“நீங்கள் பஸ்ஸில் ஏறுங்கள்” என்றார் கான்ஸ்டபிள்.

முதலாளி என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், “யோசிக்க வாணாம், பழனி. நான் ஒபிசுக்குச் சொல்றேன்” என்றார்.

பஸ் போய்விட்டது. என்னை ஜீப்பில் ஏற்றி, பக்கத்திலிருந்த பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பொறுப்பதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, தாளை மேசையில் விரித்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுவே எனக்கு அதிக பயமாக இருந்தது. அவர் பேசியது சிங்களம், நான் பதில் சொன்னதும் சிங்களம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“இது என்ன?”

“கணினியில் இருக்கிற புரொவைடர்களின் பெயர்கள், சேர்.”

“எதை புரொவைட் செய்கிறவர்கள்?”

“தகவல்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘செக்யூரிட்டி’ என்ற சொல் வந்த இடங்களிலெல்லாம் கோடு போட்டார். அந்தப் பட்டியலில் அது பல இடங்களில் வரும். அடைப்புக்குறிக்குள் இருந்த எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

“இவை டெலிபோன் எண்களா? வரைபட எண்களா?”

“இரண்டும் இல்லை, சேர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடையாள எண். நம் அட்டையில் இருப்பது போல.”

பிறகு ஒரு வரியை உரக்க வாசித்தார். விண்டோஸ் கேர்னல் ட்ரேஸ். அவர் வாயில் அது ‘கர்னல்’ என்று வந்தது. இராணுவத்துக் கேணலைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

“இந்தக் கர்னல் யார்? அவரை ஏன் ட்ரேஸ் செய்கிறீர்கள்?”

கணினியின் உள்மையத்துக்கு அப்படிப் பெயர், விதைக்குள் இருக்கிற பருப்பைப் போல என்று சொல்லப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது. அந்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்காகக் கொண்டுபோனவர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்பாத கதை எல்லோருக்கும் தெரியும். என் மனைவி லெட்சுமி பின்னேரம் வரை என்னைத் தேட மாட்டாள். அதற்குப் பிறகு தேடுவாள். எங்கே என்று தேடுவாள்?

அறை மூலையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கணினி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

“சேர், இதே பட்டியலை உங்கள் கணினியிலேயே எடுத்துக் காட்டுகிறேன். பெயரும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.”

அவர் தலையசைத்தார். கான்ஸ்டபிள் உறையைக் கழற்றினார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்க உட்கார்ந்தேன். திரை ஒளிர்ந்தது. அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் பழைய விண்டோஸ். அதில் லொக்மேன் கட்டளையே கிடையாது. தெரிந்தும் கை தானாக அடித்தது. எழுந்து விலகினால் அது இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

பதில் ஒரே வரியில் வந்தது. பொறுப்பதிகாரி குனிந்து ஆங்கிலத்தில் வாசித்தார்: “பேட் கொமாண்ட்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது பழைய கணினி, சேர். புதியதில் வரும்.”

“அப்படியா” என்றார். மேசைக்குத் திரும்பிப் போய், “உன் மேலதிகாரி யார்?” என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். மிஸ்ஸின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி ஊர். எங்கள் பதுளைக் காரியாலய முகாமையாளரின் பெயரைச் சொன்னேன். அவர் சிங்களவர். காரியாலய எண்ணையும் கொடுத்தேன். ஆனால் அவர் அன்று கொழும்புக்குப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தொலைபேசியை எடுத்தது மிஸ். பொறுப்பதிகாரி பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

“நீங்கள் யார்?... பெயரைச் சொல்லுங்கள்... எந்த ஊர்?”

“யாழ்ப்பாணம்” என்று அவர் தனக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டு, ஒரு தாளில் எழுதினார். தொலைபேசியை வைத்துவிட்டு, “அவர் வருகிறாராம்” என்றார்.

“அவர் வர வேண்டாம், சேர். முகாமையாளர் வந்த பிறகு...”

“ஏன் வர வேண்டாம்?” என்று கேட்டார்.

சுவரோரம் ஒரு வாங்குப் பலகையில் என்னை உட்கார வைத்தார்கள். வெளியே முற்றமும் தெருவும் தெரிந்தன. பதுளையிலிருந்து மலையிறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் கடந்து போகப்போக ஒவ்வொரு சோதனைச் சாவடியாக மனக்கண்ணில் வந்தது. என்னையாவது ஒரு சாவடியில்தான் நிறுத்தினார்கள். அவர் அட்டையைப் பார்த்தால் எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள்? பால் விடாத பிளேன்டீ கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் கம்பெனி வான் வாசலில் வந்து நின்றது. ஜயசேன டிரைவர் இறங்கினார், பின்னால் மிஸ். ஜயசேன பின்கதவைத் திறந்து, போர்வையில் சுற்றிய பெரிய பொருள் ஒன்றை எடுத்தார். காவலுக்கு நின்றவர்கள் துப்பாக்கியை நிமிர்த்தினார்கள்.

நான் வாங்கிலிருந்து எழுந்துவிட்டேன். என் தோளில் ஒரு கை விழுந்து என்னை மறுபடி உட்கார வைத்தது.

அந்தப் பொருளை முற்றத்தின் நடுவில் வைக்கச் சொன்னார்கள். ஜயசேனவை விலக்கினார்கள். “நீயே திற” என்று மிஸ்ஸிடம் சொன்னார்கள். அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு சரளைக் கல்லில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்தார். போர்வையை விரித்தார். உள்ளே எங்கள் காரியாலயக் கணினியின் பெட்டி. கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். மூடியை உருவியெடுத்து உள்ளே தெரியும்படி பெட்டியைத் திருப்பினார். எல்லோரும் தூரத்தில் நின்றார்கள். அவர் மட்டும் அதன் பக்கத்தில்.

நவ்ஷாட் முதலாளி வழியிலேயே கைத்தொலைபேசியில் அழைத்து, ஒரு நீளத் தாளுக்காகத்தான் என்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட உடனேயே மிஸ் பெட்டியை வானில் ஏற்றச் சொல்லிவிட்டாராம். பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகு. காரியாலயத்தில் எல்லோரும் போக வேண்டாம் என்று தடுத்ததை ஜயசேன பின்னால் எனக்குச் சொன்னார்.

உள்ளே வந்ததும் மிஸ் என்னைப் பார்த்து, “பழனியண்ணை, சாப்பிட்டியளோ?” என்று கேட்டார்.

“இல்லீங்க மிஸ்.”

“சரி. கொஞ்சம் பொறுங்கோ.”

பொலிஸாரின் திரையையும் விசைப்பலகையையும் எங்கள் பெட்டியில் பொருத்தினார். கறுப்புத் திரையைத் திறந்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். அவருக்குச் சிங்களம் அரைகுறை. ஆங்கிலத்தைக் கலந்து, “சேர், நான் தொடவில்லை. பழனியும் தொட மாட்டார். நீங்களே அடியுங்கள்” என்றார்.

பொறுப்பதிகாரி உட்கார்ந்தார். மிஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஒற்றை விரலால் தேடித்தேடி அடித்தார். கடைசியில் என்டரை அழுத்தியதும், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வந்தது.

“ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது, சேர்” என்றார் மிஸ். “மறுபடி அடியுங்கள்.”

அவர் மறுபடி அடித்தார். ஒரு கணம் திரை சும்மா இருந்தது. பிறகு வரிவரியாக ஓடத் தொடங்கியது.

பொறுப்பதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கோடு போடும் அடிமட்டம் ஒன்றை எடுத்துத் தாளின் மேல் வைத்து, ஒரு வரியைத் திரையில் தேடினார். கர்னல் இருந்தார். எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. இன்னொன்று பார்த்தார். அதுவும் சரி. அதோடு விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அடிமட்டத்தை மேலே கொண்டுபோய் முதல் வரியிலிருந்து தொடங்கினார். கான்ஸ்டபிள் திரையில் வாசிக்க, அவர் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். மிஸ்ஸின் பென்சில் வேலையை அப்படியே பார்ப்பது போலிருந்தது.

அடிமட்டம் நின்றது.

“இது அங்கே இல்லை” என்றார். கான்ஸ்டபிள் திரையை மேலும் கீழும் ஓட்டினார். இல்லைதான். பொறுப்பதிகாரி அந்தச் சொல்லை வாசித்தார். “பிரிட்ஜ் ட்ரேஸ்.”

என்னைப் பிடித்த இடம் ஒரு பாலத்தின் முன்னால். அந்தத் தெருவில் அவர்கள் காவல் காப்பதெல்லாம் பாலங்களைத்தான். அறையில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“எந்தப் பாலம்?” என்று மிஸ்ஸிடம் கேட்டார்.

மிஸ் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்குத் தெரியாது, சேர்” என்றார்.

“தெரியாதா?”

“தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இவரை அனுப்பினேன். அந்தக் கணினியில் இருப்பவற்றில் எங்கள் கணினியில் இல்லாதது எது என்று பார்க்க வேண்டியிருந்தது. நீங்கள் இப்போது பார்த்துவிட்டீர்கள்.”

மிஸ் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

“பழனியண்ணை, தராசை எப்படிக் கொம்பியூட்டரோட இணைச்சிருக்கினம்? நேரேயோ?”

“இல்லீங்க மிஸ். நடுவுல ஒரு சின்ன சொப்ட்வெயார் இருக்கு. தராசு வித்தவங்க ஒரு சிடியில குடுத்தது. கிளாக்கரு அலுமாரியில வச்சிருக்காரு.”

“சிடியில என்ன பேர் போட்டிருக்கு?”

“பாக்கலீங்க.”

அவர் பொறுப்பதிகாரியிடம் திரும்பினார். “என் வார்த்தையை நம்ப வேண்டாம், சேர். தொழிற்சாலைக்கு நீங்களே டெலிபோன் எடுங்கள். தராசோடு வந்த சிடியை எடுத்து, அதன் மேலே எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். எதற்காக என்று சொல்ல வேண்டாம்.”

பொறுப்பதிகாரி எண்ணைச் சுழற்றினார். கிளாக்கர் தேடுவதற்குப் போனார் போலும், ரிசீவரைக் காதில் வைத்தபடி வெகுநேரம் காத்திருந்தார். சிடி அலுமாரியில் இல்லாவிட்டால்? கிளாக்கர் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால்? உறையில் வேறு பெயர் இருந்தால்? மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆ, சொல்லுங்கள்” என்றார் பொறுப்பதிகாரி. கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்து எழுதினார். எழுதியதைத் திருப்பி வாசித்தார். “ஸ்கேல் பிரிட்ஜ். தராசுப் பாலம். சரி.”

தொலைபேசியை வைத்தார். தாளில் அந்த வரிக்குப் பக்கத்திலும் ஒரு சரி அடையாளம் போட்டார்.

அதோடு முடியவில்லை. எங்கள் இருவரிடமும் வாக்குமூலம் எழுதினார்கள். என்னுடையது சீக்கிரம் முடிந்தது. மிஸ்ஸிடம் பிறந்த ஊர், படித்த பாடசாலை, பெற்றோர் இருக்குமிடம், போர்டிங் விலாசம், வீட்டுக்காரரின் பெயர் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பதில் சொன்னார். தாளைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள்.

“நல்லது, சேர்” என்றார் மிஸ். “ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதிக்கொள்ளலாமா? நாளைக்கு அங்கே பால் உறைந்துவிடும்.”

ஏன் மிஸ், வாங்க போயிடலாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. பொறுப்பதிகாரி அடிமட்டத்தை அந்த வரியின் கீழே வைத்து, அடையாள எண்ணைத் தானே மெதுவாக வாசித்தார். மிஸ் எழுதினார். எழுதியதைத் திருப்பிச் சொன்னார். அவர் தலையாட்டினார்.

வெளியே வரும்போது பொறுப்பதிகாரி என்னிடம், “இனிமேல் இப்படித் தாள் கொண்டுபோனால் மேலே கம்பெனி முத்திரை குத்திக்கொண்டு போ” என்றார்.

வானில் பதுளைக்குத் திரும்பினோம். பசறை டவுனில் ஒரு தேநீர்க் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார் மிஸ். எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் டீயைக் கொடுத்ததும் அவர் கையில் கிளாஸ் தட்டோடு மோதிக் கடகடவென்று ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். நிற்கவில்லை. வாங்கில் வைத்துவிட்டார்.

“நீங்க குடியுங்கோ, பழனியண்ணை” என்றார். “எனக்கு இப்ப ஏலாது.”

“எனக்காக நீங்க வந்திருக்கக் கூடாதுங்க மிஸ்.”

“வேற ஆர் வாறது? அந்தப் பேப்பரில என்ன இருக்கெண்டு விளங்கின ஆள் நான் ஒருத்திதானே.”

அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கு வந்தார். தொழிற்சாலைக் கிளாக்கரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொன்னார். எழுதி வைத்திருந்த எண்ணோடு அந்த இரண்டெழுத்துச் செஷன் ஒத்துப்போனது. தராசைப் பொருத்த வந்தவர்கள் சோதனைக்காகப் பதிவை ஓடவிட்டு, நிறுத்தாமலே போயிருந்தார்கள். ஒவ்வொரு வாளியும் தராசில் ஏறும்போது அது பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறது. நிறுத்த ஒரு வரி போதுமாக இருந்தது. மறுநாள் பால் வரிசை தடையில்லாமல் நகர்ந்தது என்று கிளாக்கர் சொன்னார். தராசுக்காரர்களிடமிருந்து மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தையும் வரவில்லை. அவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

மிஸ்ஸுக்குத்தான் அது முடியாமல் நீண்டது. போர்டிங்குக்கு இரண்டு பேர் சிவில் உடையில் வந்து விசாரித்தார்கள். மறுபடியும் வந்தார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு வீட்டுக்கார அம்மா அழுதுகொண்டே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, வாலிப வயதில் மகன்கள் இருந்த வீடு, அவர்களையும் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம். வேறு யாரும் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அறை கொடுக்கவில்லை. லெட்சுமியிடம் சொன்னேன்.

“நம்ம முன் ரூமு சும்மாதானே இருக்கு. கூட்டிட்டு வாங்க” என்றாள்.

“பொலிசு இங்கயும் வரும்.”

“வரட்டுங்க. நீங்க உள்ள இருந்தப்ப அவங்க வந்தாங்கல்ல.”

அந்த வருடம் முடியும் வரை மிஸ் எங்கள் வீட்டில் இருந்தார். பொலிஸ் வந்தது. நானும் லெட்சுமியும் அவரோடு வாசலில் நின்று பதில் சொன்னோம். நாய் குரைத்தால் மூன்று பேரும் சாப்பாட்டிலிருந்து தலை தூக்குவோம். கனடாவில் இருந்த அவருடைய அண்ணன் விசா ஏற்பாடு செய்தபோது அவருக்குப் போக மனமில்லை. போய்ச் சேருங்கள் என்று நாங்கள்தான் வற்புறுத்தினோம்.

பதுளை ஸ்டேஷனில் கொழும்பு போகும் காலை ரயிலுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டேன். பிளாட்பாரத்துக்குள் நுழையும் இடத்தில் அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸின் அட்டையை வாங்கிய இளம் சிப்பாய் ஊரை வாசித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. இருவரும் அந்த அறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். மிஸ் பயணப் பையைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தார். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

சிப்பாய் திரும்பி வந்து அட்டையை நீட்டி, “போகலாம்” என்றார்.

மிஸ் அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து மூடினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“போயிட்டு வாறன், பழனியண்ணை.”

ரயில் வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வரும்போது அதே சிப்பாய் என் அட்டையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.